சாவிக்காரம்மாவின் இரண்டு பிள்ளைகள்

சந்தை வாசலில் நகல் சாவி போட்டுக்கொடுக்கும் சாவிக்காரம்மாவிடம் எத்தனை பிள்ளைகள் என்று யார் கேட்டாலும் "ரெண்டு" என்பாள். யோசிக்க மாட்டாள். மூச்சு விட யாராவது யோசிப்பார்களா?

பெற்றவள் அவள் தங்கை. தங்கையும் புருஷனும் ஒரே பஸ் விபத்தில் போய்ச் சேர்ந்தபோது பெண் தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தாள், பையன் தொட்டிலில். கல்யாணமே பண்ணிக்கொள்ளாத அக்கா இரண்டையும் வாரிக்கொண்டு வந்தாள். பெரியம்மா என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் இடமில்லை. பெண் பள்ளிக்கூடம் போகிற வயதில் பக்கத்து வீட்டு ஓட்டைவாய் ஒன்று விஷயத்தைப் போட்டு உடைத்தது. பெண் வீட்டுக்கு வந்தாள், சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்தாள், எதுவும் கேட்கவில்லை. அன்றிலிருந்து "அம்மா" என்று கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டாள், அவ்வளவுதான்.

இப்போது அம்மாவை ஆஸ்பத்திரிக்கு இழுத்துவந்ததும் அவள்தான். "பூட்டுக்கு வருஷத்துக்கு ஒருதடவை எண்ணெய் விடச்சொல்லி ஊருக்கே புத்தி சொல்ற. உனக்கு யாரு சொல்றது?"

மார்பக எக்ஸ்ரே மெஷின் இரண்டு தகடுகளுக்கு நடுவே வைத்து அழுத்தியது. கடையில் சாவியை இறுக்கிப் பிடிக்கும் இடுக்கி ஞாபகம் வந்தது அம்மாவுக்கு. வலித்ததா என்றால், வலி யாருக்கோ நடப்பதுபோல இருந்தது. நர்ஸ் கேள்வி கேட்டாள். வயசுக்கு வந்தது? பதினொன்று. பிள்ளைகள்? ரெண்டு. முதல் பிரசவம் எந்த வயதில்? பெண்ணின் வயதைக் கழித்துச் சொன்னாள், இருபத்துநாலு. தாய்ப்பால் கொடுத்தீர்களா? "ம்." பொய் சொல்கிறோம் என்றே தோன்றவில்லை.

டாக்டர் படத்தைக் காட்டினார். கட்டி எதுவும் தெரியவில்லையாம். ஆனால் மார்புத் திசு ரொம்ப அடர்த்தியாம். படத்தில் அடர்த்தியும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. சுண்ணாம்புச் சுவரில் சுண்ணாம்புப் பொட்டைத் தேடுகிற கதை. கையால் தடவிப் பார்த்தேனே என்றாள் அம்மா. சாவியில் மயிரிழைப் பிசிறையும் கண்டுபிடிக்கிற விரல்கள் என்ற கெத்து அவளுக்கு. அடர்த்தி விரலுக்குத் தெரியாது என்று சிரித்தார் டாக்டர். அடர்த்தியே ஆபத்தைக் கொஞ்சம் கூட்டுமாம். சின்ன வயதிலேயே பூப்பெய்தியதும் கொஞ்சம் கூட்டுமாம். "ஆனா இளவயசுல பெத்து, பால் குடுத்திருக்கீங்க. அது நல்லது. அடுத்த வருஷம் வாங்க. குழந்தையே பெறாதவங்களா இருந்தா இப்பவே ஸ்கேனும் பண்ணிடலாம்னு சொல்லியிருப்பேன்."

"சரி" என்று எழுந்தாள். பயமில்லை. துக்கமில்லை. உடம்பு முழுக்க மரத்த விரல் மாதிரி இருந்தது. கதவின் பித்தளைப் பூட்டில் கண் நின்றது. தப்பான சாவியைக் கொடுத்து நகல் கேட்கும் ஆட்கள் அவளிடம் தினமும் வருவார்கள். எவ்வளவு சுத்தமாக அராவிக் கொடுத்தாலும் கதவு திறக்காது. பாவம், டாக்டர் சுத்தமாகத்தான் அராவியிருந்தார்; தப்பான சாவியைக் கொடுத்தது இவள்.

பக்கத்தில் பெண் நின்றாள். இத்தனை வருஷம் வாயில் வராததை அவள் முன்னால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஸ்கேன் இல்லை.

"டாக்டர், நான் பெக்கல."

"யாரை?"

"யாரையும்."

டாக்டர் பெண்ணைப் பார்த்தார். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"ஆமா டாக்டர். என்னைச் சந்தையில பாதி விலைக்குப் பிடிச்சாங்க. தம்பி இலவசம்."

டாக்டர் சிரிக்கவில்லை. ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். அம்மாவின் பையைப் பெண் பிடுங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

ஸ்கேன் அறையில் பசை ஜில்லென்று மார்பில் விழுந்தது. கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டாள் அங்கிருந்தவள்.

"என் பொண்ணு" என்றாள் அம்மா. இதற்கும் யோசிக்கவில்லை. வெளியே பெஞ்சிலிருந்து "அம்மா, அங்க தூங்கிடாத" என்று ஆஸ்பத்திரிக்கே கேட்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.