புகை அளக்குற பெட்டி

எனக்கு முன்கோபம். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டுன்னு எங்கம்மா சொல்லுவாங்க. அப்படிப்பட்டவளுக்கு வாய்ச்ச வேலைய பாருங்க, ஊரு வீட்டு அடுப்படியில போய் உக்காந்து பொறுமையா விறகு எடை போடுறது. லாஸ்பேட்டையில எங்க ஆபீஸ். புகை கம்மியா வர்ற புது தகர அடுப்ப வீடு வீடா குடுத்து, எவ்வளவு விறகு தின்னுது, எவ்வளவு புகை கக்குதுன்னு பாக்கணும். காலையில சவுக்குக் கட்டைய எடை போட்டு வைப்பேன், மறுநாள் மிச்சத்த எடை போடுவேன். செவுத்துல ஒரு பெட்டி, குந்தி சமைக்குற பொம்பளையோட மூக்கு உசரத்துல மாட்டியிருக்கும். நிமிஷத்துக்கு நிமிஷம் புகைய அதுவே எழுதிக்கும்.

வைத்திக்குப்பத்துல ஒரு புருஷன் பொண்டாட்டி வீடு. அவ காலையில இட்லி சுட்டு விக்கிறவ, அவன் கடலுக்குப் போறவன். ரெண்டாம் நாள் பெட்டியத் திறந்து மெமரி கார்ட எடுத்து லேப்டாப்புல போட்டா, முந்தின நாள் மத்தியானம் மூணு மணிக்குக் கோடு எகிறிப் போய் உச்சியில முட்டி நிக்குது. விறகு மட்டும் வழக்கமான சமையலுக்கு மேல ரெண்டு குச்சி கூடக் குறையல. இவ பிளாஸ்டிக்க கொளுத்தியிருக்கான்னு எனக்கு மண்டை காஞ்சு போச்சு. புருஷன் வாசல்ல வலை பிரிச்சுக்கிட்டு இருக்கும்போதே கத்துனேன்.

"மூணு மணிக்கு என்னத்தடி போட்டு எரிச்ச? என் வேலையில மண்ணப் போடுறியா?"

அவ நிமிந்து பாத்தா. கண்ணு ரெண்டும் ரத்தமா இருந்துச்சு, இமை வீங்கிக் கெடந்துச்சு. நான் அத அப்பதான் பாத்தேன்.

அவன் சிரிச்சான். "அட, மிஷினு அதையும் சொல்லிடுதா? மிளகா மேடம். நான் அடகு வச்ச கம்மல் எங்கன்னு இவ கேட்டுக்கிட்டே இருந்தா, வாய் அடங்கல. அடுப்புல ஒரு கை காஞ்ச மிளகா போட்டு, கதவ வெளிய தாப்பா போட்டேன். இப்ப பாருங்க, எவ்ளோ அமைதின்னு."

சாம்பலக் கிளறினேன். மிளகா விதை கருகிக் கெடந்துச்சு. பெட்டியில கோடு உச்சியில இருந்தது இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷமும் அவ கதவத் தட்டியிருப்பா. கையில இருந்த சவுக்குக் கட்டையால அவன் முட்டியிலயே ஒண்ணு போட்டேன். சுருண்டு உக்காந்தான். மனசுக்கு நல்லா இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

அந்த நல்லதுக்கு அவதான் விலை குடுத்தா. நான் போட்ட ஒரு அடிக்கு அவ பத்து வாங்குனா. சாயங்காலம் போன் பண்ணினா, ஓடினேன். தோள்பட்டையில தோலு பிஞ்சிருந்துச்சு. ஸ்கூட்டர்ல ஏத்தி ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனேன். ஏட்டு அவள ஏறெடுத்துக்கூட பாக்கல. "குடும்பத்துக்குள்ள நடக்குறதும்மா. பேசித் தீத்துக்குங்க" அப்படின்னாரு.

வெளிய வந்ததும் வயித்தெரிச்சல்ல அவகிட்டயே கொட்டுனேன். "உனக்கெல்லாம் வர மாட்டாங்கடி. செவுத்துல இருக்கே அந்தப் பெட்டி, அத அவன் ஒடச்சிருந்தா ஜீப் போட்டுக்கிட்டு வந்திருப்பாங்க."

"அத எப்பக்கா கழட்டுவீங்க?" அப்படின்னு கேட்டா.

"நாளைக்கு மத்தியானம்."

மறுநாள் பதினொரு மணிக்குப் போன். "அக்கா, கடல்லேருந்து வந்ததும் வராததுமா பெட்டிய நொறுக்கிட்டாரு." மேனேஜர்கிட்ட சொன்னேன். அவரு ஸ்டேஷனுக்குப் பேசுனாரு. என் ஸ்கூட்டர் போய்ச் சேர்றதுக்குள்ள ஜீப் வந்து நிக்குது. அதே ஏட்டுதான். பெட்டி சில்லு சில்லா கெடந்துச்சு, பக்கத்துல அம்மிக் குழவி. அவன் ஈர லுங்கியோட நின்னு, "நான் தொடவே இல்ல மேடம்"ன்னு திரும்பத் திரும்பச் சொன்னான்.

சில்லுக்கு நடுவுல கார்டு முழுசா கெடந்துச்சு. எடுத்து லேப்டாப்புல போட்டுப் பாத்தேன். பெட்டி கடைசியா எழுதுன நேரம் காலையில ஆறு பத்து. அந்நேரம் அவன் நடுக்கடல்ல. படகு கரைக்கு வந்ததே பத்து மணிக்கு.

அவளப் பாத்தேன். அவ என்னையேதான் பாத்துக்கிட்டு இருந்தா. நான் ஒரு வார்த்த சொன்னா அவன் வீட்டோட இருப்பான், ஜீப்புல இவ ஏறணும். அப்புறம் வெளிய வந்தா அவன் கையால சாகணும்.

"ஏம்மா, அதுல ஏதாச்சும் பதிவாயிருக்கா?"ன்னு ஏட்டு கேட்டாரு.

எத்தனையோ வருஷமா நான் ஒரு கிராம் கூட மாத்தி எழுதுனதில்ல.

"இல்ல சார். கார்டும் போச்சு."

முந்தானைக்குள்ள வச்சு அத ரெண்டா மடிச்சு ஒடச்சேன். அவன ஜீப்புல ஏத்துறப்ப கடலம்மா மேல சத்தியம் பண்ணி அழுதான். அவன் சொன்னது அத்தனையும் நெசம். எனக்கு எரக்கமே வரல.

ஜீப் தெருமுனையத் தாண்டல, அவ ஒரு பையில நாலு புடவைய அடைச்சுக்கிட்டு வந்து நின்னா. தவளக்குப்பத்துல அவளுக்கு அக்கா வீடு. நானே கொண்டுபோய் விட்டேன். கடலூர் ரோட்டுல போறப்ப முதுகுக்குப் பின்னாலேருந்து கேட்டா.

"எத்தன நாளுக்கா உள்ள வப்பாங்க?"

"பெட்டிக்குத்தானே. மிஞ்சிப் போனா ஒரு நாளு."

"போதும்க்கா. எங்கக்கா புருஷன் கேரளாவுல கட்டட வேலை செய்யுறாரு. சாயங்காலம் எனக்கு அங்க போக ரயிலு."