மூச்சு ஆறாத குதிரைக்குக் கொள்ளு

நீங்கள்தான் அந்தக் குதிரையைக் கொன்றீர்கள். போன வாரம் இரங்கல் கூட்டத்தில், மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் நின்று, "நல்ல சவாரிக்காரர்தான், குதிரை படுற பாடு மட்டும் அவருக்குத் தெரியலை" என்றீர்களே, அவர் கொல்லவில்லை.

சின்ன வயதிலிருந்து சாகும்வரை குதிரைமேல் இருந்தவர் அவர். ஓசூரில் கிளம்பி கிருஷ்ணகிரி போய் அன்றைக்கே திரும்புவார். மேடு வந்தால் இறங்கி நடப்பார். நிற்கும் இடத்தில் குதிரையின் விலாவில் காது வைத்துக் கேட்பார். மூச்சு அடங்கும்வரை தீனி கிடையாது. நெடுந்தூரச் சவாரிக்கென்று எங்களைச் சேர்த்துச் சங்கம் தொடங்கியபோது அவர் போட்ட முதல் விதி அது.

அந்த வருஷச் சவாரியில் சூளகிரியில் உங்கள் வாசலில் நின்றோம். பின்னால் நொண்டி வந்த ஒரு குதிரையைப் பார்க்க அவர் திரும்பிப் போனார். "மூச்சு ஆறட்டும்ப்பா, எதையும் காட்டாதே" என்று தன் குதிரையை என்னிடம் விட்டுப் போனார். அதற்கு உடம்பெல்லாம் வேர்வை. வருகிற விருந்தாளிக்குச் சோறு போடுமுன் அவன் மாட்டுக்கும் குதிரைக்கும் தீனி வைப்பது உங்கள் வீட்டு வழக்கம். நான் விதியைச் சொன்னேன்.

"அதெல்லாம் உங்க சங்கத்துல வெச்சுக்கோ. என் வாசல்ல குதிரை வெறும் வாயோட நின்னா ஊரு சிரிக்கும். கொள்ள எடுத்துட்டு வாடா."

வாளி நிறையக் கொண்டு வந்தேன். அது ஆசையாகத் தின்றது. பொழுது சாய்வதற்குள் வயிறு உப்பி, மண்ணில் புரண்டு புரண்டு செத்தது. திரும்பி வந்திருந்த அவர், அதன் வாயோரம் ஒட்டியிருந்த கொள்ளைத் துடைத்தார். "யாருப்பா வெச்சது?" என்று கேட்டார். நீங்கள் தெருவைப் பார்த்தீர்கள். நான் தரையைப் பார்த்தேன்.

ஓட்டியே கொன்றுவிட்டார் என்று சங்கத்தில் சொன்னது நீங்கள். எங்கள் குதிரைகள் உங்கள் கொட்டகையில் நின்றன, உங்கள் நிலத்தில் மேய்ந்தன. அதனால் நாங்கள் வாயைத் திறக்கவில்லை. தான் தொடங்கிய சங்கத்தை விட்டு அவர் போனார். நீங்கள் தலைவரானீர்கள்.

பிறகு வேறொரு குதிரையில் தனியாகவே சவாரி போனார். மூக்கண்டப்பள்ளிப் பக்கம் என்னைப் பார்த்தால் நிறுத்தி, என் குதிரையின் குளம்பைத் தூக்கிப் பார்ப்பார். லாடம் தேய்ந்திருந்தால் திட்டுவார். அந்தக் கேள்வியை மட்டும் மறுபடி கேட்கவேயில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. இப்போது அவரிடம் சொல்லலாம் என்றால் அவர் இல்லை.

என் குதிரையை நேற்று உங்கள் கொட்டகையிலிருந்து அவிழ்த்து வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைச் சங்கக் கூட்டத்துக்கு அவர் மனைவியும் மகனும் வருகிறார்கள். வாளியைத் தூக்கியவன் நான் என்று முதலில் எழுந்து சொல்வேன். என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டாம். அவர்கள் முன்னால், எல்லோர் காதிலும் விழும்படி பதில் சொல்லுங்கள்: வைக்கச் சொன்னது யார்?