இரண்டிலும் வெள்ளை

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள், எனக்கு ஒரு நட்டமும் இல்லை. அந்தக் காலத்தில் இப்படி ஒரு கதையை யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நானே அவனை ஒரு மாதிரியாகத்தான் பார்த்திருப்பேன். சாமி கும்பிடுவேன், அது வேறு. சாமி பதில் சொல்லும் என்பதெல்லாம் பூசாரிகளின் பிழைப்பு என்று நினைத்தவன் நான். தேக்கா மார்க்கெட்டில் மீன்காரர் தராசைத் தூக்கினால் தட்டுக்கு அடியில் குனிந்து பார்க்கிற ஆள்.

அறுபதுகளின் கடைசி அது. ஊரிலிருந்து கப்பலேறி வந்த எனக்குச் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வெல்டர் வேலை. வெள்ளைக்காரன் தளத்தை மூடிவிட்டுப் போகப்போகிறான் என்று செய்தி வந்ததும் எங்கள் குவார்ட்டர்ஸே கலங்கிப்போனது. பலர் கப்பலேறி ஊருக்கே போய்விடுவதாகப் பேச்சு. போனால் மறுபடி உள்ளே விடுவார்களோ என்னவோ, இருந்தால் அடுப்பெரியுமோ என்னவோ. எனக்கு ராத்தூக்கமே போய்விட்டது, என் மனைவி சரசுவிடமோ எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்.

"அம்மன் ஒரு வழி வெச்சிருப்பா. நாம எதுக்குப் பதறணும்?"

அந்த அமைதிதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. வேலை போகப்போகிற வீட்டில் ஒருத்தி இப்படியா இருப்பாள்? எனக்கு ஊருக்குப் போய்விடலாம் என்றுதான் ஆசை. இவளுக்குப் போகப் பிடிக்கவில்லை, அதைச் சாமி தலையில் போட்டுப் பேசுகிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். அதனால் கோயிலில் பூக்கட்டிப் பார்க்கலாம் என்று அவள் சொன்னதும் சரி என்றேன், ஆனால் எல்லாம் என் கையால்தான் நடக்கவேண்டும் என்றும் சொல்லிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். சிராங்கூன் ரோட்டுப் பூக்கடையில் நானே ஒரு செவ்வரளியும் ஒரு வெள்ளரளியும் பொறுக்கினேன். சிவப்பு வந்தால் ஊர், வெள்ளை வந்தால் இங்கேயே. வாழையிலைத் துண்டுகளில் தனித்தனியாக மடித்து நாரால் முடிச்சுப் போட்டேன். பூசாரி கை நீட்டினார், நான் கொடுக்கவில்லை.

"அட, குடுப்பா, அம்மன் காலடியில வெக்கணும்லா."

"தட்ட இந்தப் படியிலயே வைங்க. நான் பாத்துக்கிறேன்."

சரசுவைத் தள்ளி நிற்கச் சொன்னேன். கற்பூரம் காட்டும்போது எல்லாரும் அம்மனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், நான் தட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வழக்கமாகச் சின்னப் பிள்ளை யாரையாவது எடுக்கச் சொல்வார்கள். யார் பெற்ற பிள்ளையோ, யார் சொல்லிக் கொடுத்ததோ! நானே ஒன்றை எடுத்துப் பிரித்தேன்.

வெள்ளை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னொன்றையும் எடுத்தேன். என் முடிச்சு அப்படியே இறுக்கமாக இருந்தது, பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன். அதிலும் வெள்ளை. ஐயோ, நான் கட்டிய சிவப்பு எங்கே? தட்டுக்கு அடியில், படியில், என் சட்டைப் பையில்கூடத் தேடிப் பார்த்தேன், ஒரு இதழ்கூட இல்லை. பூசாரி முகம் வெளுத்துவிட்டது. "இப்படி நான் பாத்ததே இல்லப்பா" என்றார். நல்ல நடிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் சரசுவைப் பிடித்துக்கொண்டேன். "யாருகிட்ட சொல்லி வெச்சே? உண்மையச் சொல்லு."

"நீங்கதானே கட்டுனீங்க" என்றாள். அதோடு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இருந்துவிட்டோம். தளம் கப்பல் பட்டறையாக மாறியது, எனக்கு அங்கேயே வேலை நிலைத்தது, பிள்ளைகள் படித்தார்கள். கெட்டுப்போனோம் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனாலும் பூவை மாற்றியது இவள்தான் என்ற எண்ணம் மட்டும் என் மனதை விட்டுப் போகவில்லை.

சில வருடம் கழித்து ஊரிலிருந்து தந்தி வந்தது, சரசுவின் அம்மா போய்விட்டார்கள். கல்யாணமாகிக் கப்பலேறி வந்த பிறகு அவள் தன் தாயின் முகத்தைப் பார்த்ததே இல்லை. அன்றைக்கு அவள் அழுத அழுகையை என்னால் தாங்க முடியவில்லை.

"அன்னைக்கு செவப்பு வரணும்னுதாங்க வேண்டிக்கிட்டேன். அம்மாவ ஒரு தடவ பாத்துடலாம்னு இருந்தேன். நீங்க இப்படிப் பண்ணிட்டீங்களே."

"நான் என்ன பண்ணேன்?"

"போறதுக்கு மனசில்லாம நீங்கதானே ரெண்டுலயும் வெள்ளைய வெச்சீங்க? பஸ்ல என்னைத் திட்டுனதுகூட நடிப்புன்னு எனக்குத் தெரியும். போகட்டும்னு விட்டுட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறைதான். நானும் போகத்தானே ஆசைப்பட்டேன், சிவப்பைத்தானே எதிர்பார்த்து நின்றேன் என்றேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

"அப்ப நீங்க இல்லையா?"

"இல்லடி."

"அப்ப சரி" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அம்மன் படம் இருந்த பக்கம் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். பெற்ற தாய் போன அன்றைக்கு ஒரு பெண்ணின் முகம் அப்படித் தெளியுமா? அவளுக்குத் தெளிந்தது, என் கண்ணால் பார்த்தேன்.

எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. அத்தனை வருடம் அவளைச் சந்தேகப்பட்டுக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். இப்போது சந்தேகப்பட ஆளே இல்லை.