ஏணியில் ஒரு கால்

மார்கழியில் தர்மபுரியிலிருந்து ஒரு கூட்டமாகக் கப்பல் சுற்றுலா போனோம். சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே பாலக்கோட்டுக்காரர் ஒருவர் உட்காருவார். நடுக்கடலிலும் குரங்குக் குல்லாயைக் கழற்றமாட்டார். என் நாற்காலியில் தன் துண்டைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பார். இட்லியைப் பிட்டபடி தவறாமல் கேட்பார்: "இன்னைக்கு எறங்குறீங்களா? எப்பத் திரும்புவீங்க?"

அவர் மட்டும் எந்தத் துறைமுகத்திலும் இறங்குவதில்லை. ஊர் பார்க்க வந்தவர் எதற்காகக் கப்பலிலேயே கிடக்கிறார்? அவர் அறை என் அறைக்குப் பக்கத்து அறை வேறு. எனக்குச் சந்தேகம் முளைத்தது.

திருகோணமலையில் இறங்கிய அன்று பெட்டியைப் பூட்டிவிட்டு, "மூணு மணிக்கே வந்துருவேங்க" என்று வேண்டுமென்றே பொய் சொன்னேன். கப்பல் கிளம்புவது நான்கு மணிக்கு; அதற்குச் சற்று முன்புதான் திரும்புவதாக இருந்தேன். கோயிலிலிருந்து திரும்பும் வழியில் ஆட்டோ நின்றுவிட்டது. ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தபோது நான்கு தாண்டியிருந்தது.

ஏணியைத் தூக்க ஆட்கள் தயாராக நின்றார்கள். அவர் ஒரு காலை ஏணியிலும் மறு காலைத் தரையிலும் ஊன்றியிருந்தார், நம் ஊரில் பஸ்ஸை நிறுத்தி வைப்பதுபோல.

"ஆளு வருதுங்க, செத்த இருங்க!" என்று தமிழ் தெரியாத அதிகாரியிடம் கத்திக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும், "மூணுன்னு சொன்னீங்களேன்னு அப்ப புடிச்சு நிக்கறேங்க" என்றார். "எறங்குனா உட்டுட்டுப் போயிருவாங்க. அதான் நான் எறங்கறதே இல்ல."

மறுநாள் காலையிலும் அதே கேள்வியைக் கேட்டார். உண்மையான நேரத்தைச் சொன்னேன். சொல்லிவிட்டு அறைக்குப் போய்ப் பெட்டியைப் பூட்டி, பூட்டை இருமுறை இழுத்தும் பார்த்தேன்.