எங்கள் ஊர் மருக்கொழுந்துகள்

பயிற்சிப் பள்ளி விடுதியில் என் பெயரைக் கேட்கிறவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு, அது வீட்டில் கூப்பிடுகிற பெயராக இருக்கும், நிஜப் பெயர் என்ன என்பார்கள். மருக்கொழுந்துதான் நிஜப் பெயர் என்றால், பூக்காரர் வீட்டுப் பெண்ணா என்று கேட்பார்கள். இல்லை. நாங்கள் எரியோட்டுக்குக் கிழக்கே, குஜிலியம்பாறை போகிற வழியில், மழையை நம்பிச் சோளமும் கடலையும் போடுகிறவர்கள். கிணற்றடியில் கொஞ்சம் கத்தரி. எங்கள் காட்டில் மருக்கொழுந்து வளராது. அந்தச் செடியை நான் பார்த்ததே வளர்ந்த பிறகு, திண்டுக்கல் பூக்கடையில்தான். ஒரு பிடி வாங்கி முகர்ந்து பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

எங்கள் ஊரில் யாரும் இந்தப் பெயருக்குச் சிரிக்க மாட்டார்கள். நான் ஆரம்பப் பள்ளியில் படித்தபோது அந்த ஒற்றை அறைக்குள் மருக்கொழுந்துகள் ஐந்து பேர் இருந்தோம். தெருவில் தவழ்ந்துகொண்டிருந்தவர்கள் வேறு. நாலு ஊர் தள்ளிப் போனால் இந்தப் பெயரில் ஒருத்தி கிடைக்க மாட்டாள். எங்கள் ஊரில் மட்டும் இப்படிப் பெருகியதற்குக் காரணம், சந்தைக்குப் போகிற பாதையில் நின்ற ஒரு சுமைதாங்கிக் கல்.

இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக் கல்லைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர்கள் கைகொடுக்க ஆளில்லாமலே இறக்கி வைக்கவும், திரும்பத் தலைக்கு ஏற்றவும் தோதான உயரம். அதை யாரும் சும்மா நடுவதில்லை. வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி செத்துப்போனால், செத்த பிறகும் அவள் சுமை இறங்குவதில்லை என்பார்கள். அவள் பெயரில் ஒரு கல்லை நட்டு, வழியில் போகிறவர்கள் அதன்மேல் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறினால், அவளுடையதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுமாம்.

அந்தக் கல் என் அய்யாவின் முதல் மனைவிக்காக நட்டது. அவள் பெயர் மருக்கொழுந்து. நிலக்கோட்டைப் பக்கத்துப் பெண். அவள் பிறந்த நேரத்தில் அவளுடைய அப்பன் தோட்டத்தில் மருக்கொழுந்து அறுத்துக்கொண்டிருந்தாராம். அந்தப் பெயருக்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. வாசனையான ஊரிலிருந்து எங்கள் புழுதிக்கு வாழ வந்து, முதல் பிரசவத்திலேயே, பிள்ளை வெளியே வராமல் போய்ச் சேர்ந்தாள்.

கொஞ்ச காலத்தில் அய்யா என் அம்மாவைக் கட்டிக்கொண்டார். நான் பிறந்தேன். புருஷனோடு பிணங்கி எங்கள் வீட்டோடு வந்துவிட்ட அய்யாவின் அக்கா, என் அத்தை, பிறந்த பிள்ளைக்கு மூத்தவள் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். வைக்காவிட்டால், இந்த வீட்டில் எனக்கு எங்கே இடம் என்று மூத்தவள் கேட்பாள். யாரிடம் கேட்பாள், எப்படிக் கேட்பாள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதனால் யாரும் விளக்கவில்லை.

பிறகு கல்லில் விறகுக் கட்டை இறக்கி வைத்துவிட்டு வந்த ஒருத்திக்கு அன்றைக்கே சுகப்பிரசவம் ஆனது. அவள் தன் மகளுக்கு அந்தப் பெயரை வைத்தாள். அடுத்தவள் கல்லுக்கு மஞ்சள் பூசினாள். அதற்கடுத்தவள் சேலை சுற்றினாள். நான் பள்ளிக்கூடம் போகிற வயதில் கல் சாமியாகியிருந்தது.

சாமி பெயரைச் சொல்லித் திட்ட முடியுமா? அத்தைக்கு என்மேல் கோபம் வந்தால், "அடியே, எந்தம்பி மகளே" என்றுதான் தொடங்குவாள். பள்ளிக்கூடத்தில் அந்த வசதி இல்லை. ஆயக்குடிப் பக்கத்திலிருந்து வந்திருந்த எங்கள் வாத்தியார் ஒருநாள் வாய்ப்பாடு சொல்லாத ஒரு மருக்கொழுந்தை முட்டி போட வைத்துவிட்டார். பெரியவர்கள் நாலைந்து பேர் கும்பிட்ட கையோடு வந்து விஷயத்தைச் சொன்னார்கள். அவர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "ஏனுங்க, வாய்ப்பாடு தெரியாட்டியும் சாமிதானுங்களா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு எங்களை எண்ணால் கூப்பிட ஆரம்பித்தார். நான் 'ஒண்ணு'. எனக்கு அதில் ஏக கர்வம். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். கல்லின் விளிம்பில் கொத்தியிருந்த பெயரை விரல் வைத்து உரக்கப் படித்துக் காட்டியதும் நான்தான். என் பெயரைக் கல்லில் எழுதியிருக்கிறது என்று கொஞ்ச நாள் எல்லாரையும் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன்.

அம்மாவை வீட்டில் இளையவள் என்பார்கள். அய்யா "இந்தா" என்பார். ஊருக்கு அவள் மருக்கொழுந்தோட அம்மா. அவளுக்கு வேறு பெயர் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவள் மட்டும்தான் அந்தக் கல்லைக் கும்பிடாதவள். சந்தை நாளில் கத்தரிக்காய்க் கூடையை அதன்மேல் இறக்குவாள். "செத்த நேரம் வச்சுக்கக்கா" என்பாள், பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோல. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வாள். மறுபடி தூக்கிக்கொண்டு நடப்பாள். அத்தைக்கு அது பிடிக்காது. இம்புட்டு எகத்தாளம் ஆகாது என்று வீட்டில் வந்து சொல்வாள்.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, ஆடி மாதத்தில், அம்மாவுக்கு இடுப்பு வலி கண்டது. ஒரு பகலும் ஓர் இரவும் போயும் பிள்ளை வரவில்லை. விடிந்ததும் மருத்துவச்சி வெளியே வந்து, இது என் கையில் இல்லை, திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று அய்யாவிடம் சொல்லிவிட்டாள். எரியோட்டில் மத்தியான பஸ் ஒன்று உண்டு. அதைப் பிடித்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் திண்டுக்கல். விட்டால் சாயங்காலம்தான் அடுத்தது. அய்யா வண்டியில் வைக்கோலைப் பரப்பி, மேலே போர்வையை விரித்து, அம்மாவைத் தூக்கிக் கிடத்தினார். அத்தை ஏறிக்கொண்டாள். வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் நானும் ஏறினேன்.

கல்லுக்குப் பக்கத்தில் வந்ததும் அத்தை வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

"பஸ்ஸு போயிரும்க்கா" என்றார் அய்யா.

"பஸ்ஸு நாளைக்கும் வரும் அப்பு. மூத்தவகிட்டச் சொல்லிக்கிறாம இந்த எல்லையத் தாண்டக் கூடாது."

அய்யா ஊரில் யாரிடமும் எதிர்த்துப் பேசக்கூடியவர். அந்தக் கல் விஷயத்தில் மட்டும் வாய் திறக்க மாட்டார். கயிற்றை இழுத்தார். மாடுகள் நின்றன.

எங்கள் பக்கத்து ஆடிக் காற்று ஆளைத் தள்ளும். அத்தை கல்லின்மேல் சூடத்தை வைத்து ஏற்றினாள், அணைந்தது. மறுபடி ஏற்றினாள்; மறுபடியும் அணைந்தது. கல்லின் அடியில் வைத்துப் பார்த்தாள். தீக்குச்சிகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அணைய அணைய அவள் முகம் வெளுத்தது. மூத்தவள் வாங்க மாட்டேன் என்கிறாள், எல்லாம் இளையவள் பேசிய பேச்சுக்குத்தான் என்றாள். பிறகு வண்டிக்குப் பக்கத்தில் வந்து அம்மாவிடம் கெஞ்சினாள். இறங்க வேண்டாம், படுத்த இடத்திலிருந்தே அவள் பெயரைச் சொல்லி, தாயே வழி விடு என்று ஒரு வார்த்தை கேள் என்றாள்.

அம்மா வண்டித் தட்டியைப் பிடித்துக்கொண்டு தலையைத் தூக்கினாள். வலியில் உதடு கடிபட்டு ரத்தம் காய்ந்திருந்தது. சத்தம் போடவில்லை. நிதானமாகத்தான் பேசினாள்.

"அவகிட்ட என்னத்தக் கேக்கச் சொல்றீக மதினி? அவளும் இப்பிடித்தான கெடந்தா. அன்னைக்கு அவளுக்கு வண்டி கட்டல. எனக்குக் கட்டியிருக்கீக. ஓட்டச் சொல்லுங்க."

அய்யா நுகத்தில் நன்றாக இருந்த பூட்டாங்கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். வலியில் உளறுகிறாள் என்று சொல்லிவிட்டு அத்தை மறுபடி சூடத்தின் முன்னால் குனிந்தாள்.

அம்மா சொன்னது எனக்குக் காதில் விழுந்தது, புரியவில்லை. மூத்தவள் சாமி. சாமிக்கு எதற்கு மாட்டு வண்டி? நான் கீழே குதித்துப் போய், பாவாடையை இரண்டு கையாலும் விரித்துக் காற்றுக்கு மறைப்பாக நின்றேன். சூடம் பிடித்துக்கொண்டது. பேர் வச்ச பிள்ளைக்குத்தான் நிக்குது என்று அத்தை கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மா பார்த்தாளா என்று திரும்பினேன். அவள் முந்தானை நுனியைப் பல்லில் கடித்தபடி கண்ணை மூடியிருந்தாள்.

எரியோட்டில் டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் பாதையைப் பார்த்துக் கையைக் காட்டினார். பஸ் கிளப்பிய புழுதி இன்னும் அடங்கவில்லை. அய்யா அந்தப் புழுதியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, வண்டியையே திண்டுக்கல்லுக்கு ஓட்டினார். வழி நெடுக ஒரு பள்ளமும் விடாமல் வண்டி இறங்கி ஏறியது. ஒவ்வொன்றுக்கும் அத்தை அம்மாவின் வயிற்றை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டாள். அத்தை கல்நெஞ்சக்காரி இல்லை. வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரிக்குள் போனபோது விளக்கு ஏற்றுகிற நேரம். சக்கரம் வைத்த கட்டிலில் அம்மாவைக் கிடத்தினார்கள். அய்யா வெளியே மாடுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஒரு நர்ஸ் வந்து பேர் என்ன என்றாள்.

"இளையவ" என்றாள் அத்தை.

"பேரைக் கேட்டேம்மா."

"மருக்கொழுந்தோட அம்மா."

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். "இவங்களப் பெத்தவங்க ஒரு பேரு வச்சிருப்பாங்கள்ல?"

அத்தை விழித்தாள். தெரியாமல் இருக்காது. சொல்லிப் பழகாத நாக்குக்கு அந்த நேரத்தில் வரவில்லை. கட்டிலிலிருந்து அம்மாவே சொன்னாள்.

"பழனியம்மா."

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். நர்ஸ் உள்ளே பார்த்து அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னதும், தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்த இன்னும் இரண்டு பெண்கள் தங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்தார்கள். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. நான் கல்லில் எழுதிய பெயர்க்காரி. என்னைப் பெற்றவளுக்குப் போயும் போயும் தெருவுக்குத் தெரு இருக்கிற பெயர்.

விடிவதற்குள் ஆண்பிள்ளை பிறந்தது. உயிர் இல்லை. அம்மா அன்று மத்தியானம் வரைக்கும் இருந்தாள். என்னை உள்ளே விடவில்லை. அத்தை வாங்கிக் கொடுத்த பன்னை நான் தின்றுகொண்டிருந்தபோது அய்யா வெளியே வந்து கடைசிப் படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த விதத்திலேயே அத்தைக்குத் தெரிந்துவிட்டது. அதே வண்டியில், அதே வைக்கோல்மேல் அம்மா ஊருக்குத் திரும்பினாள். கல்லைத் தாண்டும்போது யாரும் வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, அம்மாவுக்கு எங்கே கல் நடுவது என்று அத்தையிடம் கேட்டேன். கொத்துகிறவருக்கு நானே சாக்கட்டியால் பெயரை எழுதிக் கொடுக்கிறேன், பழனியம்மாளுக்கு எந்த 'ழ' என்று எனக்குத் தெரியும் என்றேன். அத்தை என் தலையைத் தடவினாள்.

"ஒங்காத்தாளுக்குக் கல்லு கெடையாதுடி. புள்ள வெளிய வந்திருச்சுல்ல. சுமைய எறக்கி வச்சுட்டுத்தான் போயிருக்கா. குடுத்து வச்சவ."

கேட்க நன்றாக இருந்தது. மறுநாள் பள்ளிக்கூடத்தில் மற்ற மருக்கொழுந்துகளிடம், எங்கள் அம்மாவுக்குச் சுமையே இல்லையாம், கல்லே வேண்டாமாம் என்று பெருமையாகச் சொன்னேன். அவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

தை மாதத்தில் எங்கள் தெருவில் ஒருத்திக்குப் பெண் பிறந்தது. அவளும் கல்லுக்கு மஞ்சள் பூசியவள்தான். பெயர் வைக்கிற அன்றைக்கு என்னை அழைத்துக்கொண்டு போனார்கள். அந்தப் பெயரோடு இருக்கிறவர்களில் மூத்தவள் சொன்னால் நல்லதாம். பலகை போட்டு உட்காரவைத்து, மடியில் குழந்தையைக் கிடத்தினார்கள். வலது காதில் மூன்று தடவை சொல்ல வேண்டும், குழந்தைக்கு மட்டும்தான் கேட்க வேண்டும் என்று அத்தை சொல்லிக் கொடுத்தாள். சுற்றி நின்ற பெண்கள் குலவை போடத் தயாராகப் பேச்சை நிறுத்தினார்கள். குழந்தையின் காது செந்நிறமாக, மடங்கி, ஈரமாக இருந்தது. நான் குனிந்து, வாத்தியார் சொல்லிக் கொடுத்தபடி ஒவ்வோர் எழுத்தும் பிசகாமல், மருக்கொழுந்து, மருக்கொழுந்து, மருக்கொழுந்து என்றேன். குலவை எழுந்தது. என் வாயில் யாரோ சீனியைப் போட்டார்கள்.

அந்தக் காதுக்குள் நான் எந்தப் பெயரைச் சொல்லியிருந்தாலும் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. அன்று அது எனக்குத் தோன்றவில்லை.