தர்முவுக்கு நான் வாசித்துச் சொன்ன வரைபடம்

ரொறன்ரோவுக்கு வந்த முதல் மாதம் குளிருக்குக் காலுறை வாங்க ஒரு பெரிய கடைக்குப் போனேன். காலுறைகள் அடுக்கியிருந்த தட்டுக்கு அடுத்த தட்டில் வேட்டைத் துவக்குகள், நீட்டுத் துப்பாக்கிகள், வரிசையாக, விலைச்சீட்டுத் தொங்க நின்றன. ஒரு கிழவி கையில் தேநீர்க் கேத்தலோடு அவற்றைத் திரும்பியும் பாராமல் கடந்து போனாள். எங்கள் ஊரில் ஒரு துவக்கு வைத்திருக்க வேண்டுமென்றால் அரசாங்கக் கச்சேரிக்கு ஏறி இறங்க வேண்டும், ஊர்த் தலைமைக்காரரான விதானையார் நற்சான்று தரவேண்டும், வருடாவருடம் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். எழுபதுகளின் அந்த ஆண்டுகளில் இங்கே வேட்டைத் துவக்கு வாங்குகிறவனிடம் உரிமப் பத்திரம் எதுவும் கேட்கமாட்டார்கள். அந்தச் சட்டமெல்லாம் பிறகுதான் வந்தது. ஆனால் அதே துவக்கின் வாயில் பூட்டிச் சத்தத்தைக் குறைக்கிற ஒரு சாண் குழாய்க்கு, சைலன்சர் என்கிற சாமானுக்கு, அன்றைக்கே முழுத் தடை. செய்யக்கூடாது, விற்கக்கூடாது, வீட்டில் வைத்திருக்கவும் கூடாது. கொல்லுகிறதைக் கடையில் விற்கிறார்கள், அதன் சத்தத்தைக் குறைக்கிறவனைச் சிறையில் போடுகிறார்கள் என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அந்தச் சட்டத்தை நான் எவ்வளவு துல்லியமாக அறிந்திருந்தேன், அறிந்துகொண்டே என்ன செய்தேன் என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எண்பத்தாறு வயது.

ஊரில் நான் பௌதிக ஆசிரியன். பட்டதாரி. இங்கே என் பட்டத்தை ஒருவரும் கையில் வாங்கிப் பார்க்கவில்லை. கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கிறதா என்று கேட்டார்கள். கடைசியில் ரெக்ஸ்டேலில் ஒரு சிறிய இயந்திரப் பட்டறையில் கிளார்க் வேலை கிடைத்தது. கடிதங்களைத் தட்டச்சுச் செய்வதும் கோப்புகளை அடுக்குவதும்தான் வேலை. முதலாளி ஜோசெப் ஹங்கேரியிலிருந்து வந்தவர், அவரும் ஒரு காலத்தில் வெறுங்கையோடு இறங்கியவர். லேத்தில் வேலை செய்தவன் விலகிப் போனபோது, எங்கள் அடுக்குமாடியில் குடியிருந்த தர்மலிங்கத்தைப் பற்றி ஜோசெப்பிடம் நான்தான் சொன்னேன். தர்மு ஊரில் சீமெந்து ஆலையில் கடைசல் வேலை செய்தவன், எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். இங்கே ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். அவனைக் கூட்டிக்கொண்டு போய் வேலையில் சேர்த்த அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. ஒருவனுக்கு வழிகாட்டுகிற இடம் எனக்குப் பழகிய இடம்.

மூன்று மாதத்தில் அந்த இடம் போய்விட்டது. தர்மு கடைந்து வைத்த துண்டை ஜோசெப் அளந்து பார்ப்பார், மறுபடி அளப்பார், பிறகு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு மற்ற ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டுவார். மத்தியானத்தில் அவனுடைய மீன்குழம்பில் பாண் துண்டைத் தோய்த்துச் சாப்பிட்டுவிட்டுக் கண்ணீர் வடிய "மோர், மோர்" என்பார். என்னை ஒருநாளும் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. நான் நல்ல ஆங்கிலத்தில் ஏதாவது சொன்னால் தலை நிமிராமல் கேட்பார். தர்மு மூன்று உடைந்த சொற்களைச் சொன்னால் எழுந்து அவனிடம் போவார். என்னுடைய சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு அவனுக்கு. ஊரில் இவன் என் வகுப்பறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருப்பான் என்று நினைத்துக்கொள்வேன். அப்படி நினைத்தது எனக்கு இனித்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டிலும் அதுதான். ஒரு குளிர்காலத்தில் எங்கள் தையல் மெஷின் இறுகிவிட்டது. இரண்டு நாள் நான் அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். தர்மு வந்து பத்து நிமிடத்தில் ஓடவிட்டான்.

"தர்மு அண்ணை கை வைச்சா செத்த சாமானும் எழும்புது," என்றாள் மனைவி. "இவர் ரெண்டு நாளா புத்தகத்தை விரிச்சு வைச்சு அதுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர்."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ தங்கச்சி. மாஸ்டர் படிச்ச மனிசன். எனக்கு உந்த நட்டும் போல்ட்டும்தானே தெரியும்."

அவன் கேலியாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மனதாரச் சொன்னான்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் அவனுக்கு நான் வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் வருகிற எந்தக் கடுதாசியையும் ஞாயிற்றுக்கிழமை என்னிடம் கொண்டுவருவான். வங்கி, வைத்தியர், குடிவரவு, எல்லாம். நான் வாசித்துச் சொன்னதுதான் அவனுக்கு அந்தக் கடுதாசி. அவனுடைய மனைவியையும் ஐந்து வயது இரட்டைப் பிள்ளைகளையும் கூப்பிடுவதற்கான விண்ணப்பத்தை நிரப்பியவனும் நான்தான். வைத்தியப் பரிசோதனை முடிந்து, கடைசிக் கடிதத்துக்காகக் காத்திருந்தான். கோடை முடிவதற்குள் வந்துவிடுவார்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அந்த வசந்தத்தில் அமெரிக்க நிறுவனம் ஒன்று ஜோசெப்புக்கு ஒரு கடிதமும் வரைபடமும் அனுப்பியது. வரைபடத்தில் உள்ளதுபோலக் குழாய்கள் செய்து தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். ஜோசெப் எச்சரிக்கையான மனிதர், ஒரு சட்டத்தரணியிடம் கேட்டார். பதிலைக் கோப்பில் வைத்தவன் நான். துவக்கின் வெடிச்சத்தத்தை மழுக்கவோ நிறுத்தவோ வடிவமைத்த எந்தச் சாமானும் கனடாவின் குற்றவியல் சட்டத்தில் தடைசெய்யப்பட்ட ஆயுதம் என்று சட்டத்தரணி எழுதியிருந்தார். துவக்கே பக்கத்தில் இல்லாவிட்டாலும் அந்தக் குழாய் தனியாகவே ஆயுதம். எல்லைக்கு அந்தப் பக்கம் வேறு கதை: செய்கிறவர் உரிமம் எடுத்து வரி கட்ட வேண்டும், ஒவ்வொன்றிலும் இலக்கம் பொறித்துப் பதிய வேண்டும், கை மாறும்போதெல்லாம் அரசாங்கத்தின் சம்மதம் வேண்டும், சில மாநிலங்களில் அதுவும் நடக்காது. ஏற்றுமதிக்கென்று சொன்னாலும் உங்களைப் போன்ற பட்டறைக்கு வழியில்லை என்று முடித்திருந்தார். மறுப்புக் கடிதத்தை நான் தட்டச்சுச் செய்தேன். கீழ் மூலையில், வழக்கப்படி, தட்டச்சுச் செய்தவனின் முதலெழுத்துகள் விழுந்தன.

இப்போது நான் அஜக்ஸில் மகன் வீட்டில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் வேட்டைக்காரர், இரண்டு காதிலும் கேட்கும் கருவி. போன வாரம் வேலிக்கு மேலால், வட ஐரோப்பாவில் இந்தச் சைலன்சரை வேட்டைக்காரர்கள் காதைக் காப்பாற்றக் கடையில் வாங்குகிறார்கள், இங்கே மட்டும் சிறை என்று புலம்பினார். சத்தம் கேட்டால்தானே மற்றவன் விலகுவான் என்றேன். அவர் என்னைக் கொஞ்சம் வியப்போடு பார்த்து, உனக்கு இதைப் பற்றி எப்படித் தெரியும் என்று கேட்டார். வாசித்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

மறுப்புக் கடிதம் போய் ஒரு மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தர்மு மாம்பழப் பெட்டியோடு வந்தான். சனிக்கிழமைகளில் சொந்த வேலைக்கு லேத்தைப் பாவிக்க ஜோசெப் அவனுக்கு அனுமதி கொடுத்திருந்தார். எனக்கு அப்படி எந்த அனுமதியும் தேவைப்பட்டதில்லை, ஆனாலும் அது உறுத்தியது. றே என்ற ஒருவன் பட்டறை வாசலில் அவனைக் கண்டு ஒரு வேலை கொடுத்திருந்தானாம். பென்சிலால் கீறிய வரைபடம்.

"மாஸ்டர், உதென்ன சாமான் எண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. அவன் இங்கிலிஸில கனக்கச் சொன்னவன், எனக்கு விளங்கேல்லை."

ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. கோப்பிலிருந்த வரைபடத்தின் தம்பி அது. அடுக்களையில் மனைவி மாம்பழத்தை முகர்ந்து, "தர்மு அண்ணை வாங்கினா பழத்திலயும் பிழை வராது," என்றாள். நான் வரைபடத்தை வெளிச்சத்தில் பிடித்து ஆற அமரப் பார்ப்பதுபோல நடித்தேன்.

"கொம்பிரசருக்குப் பூட்டுற சாமான். காத்து வெளியில வரேக்க சத்தம் குறையிறதுக்கு," என்றேன்.

"அப்ப செய்யலாம்? பிழையில்லையே?"

"ஒரு பிழையும் இல்லை."

அவன் அழியவேண்டும் என்று நினைத்தேனா? பல வருடம் இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஒரு சறுக்கல் போதும், ஜோசெப் ஒருமுறை அவனை ஏசினால் போதும், அவ்வளவுதான் என்றேன். ஆனால் பிள்ளைகளின் விண்ணப்பத்தை நிரப்பியவன் நான். "குற்றத் தீர்ப்பு ஏதும் உண்டா" என்ற கேள்விக்கு எதிரே "இல்லை" என்று எழுதியதும் என் கைதான். எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அடுத்த சனிக்கிழமைகளில் அவன் பட்டறைக்குப் போகும்போது ஜன்னலில் நின்று பார்த்தேன். எனக்கு நல்ல பசி எடுத்தது, நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜூலையில் ஒரு காலை கோட் அணிந்த இருவர் பட்டறைக்கு வந்தார்கள், சீருடை போடாத பொலிஸ் அதிகாரிகள். றே நெடுஞ்சாலையில் பிடிபட்டு, எங்கே செய்வித்தான் என்று சொல்லிவிட்டான். அவர்களில் ஒருவர் பளபளக்கும் குழாயொன்றை மேசையில் வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு வந்த தர்முவின் முகம் மலர்ந்தது.

"யெஸ் சேர், ஐ மேக். குட் ஃபினிஷ், நோ? ஹவ் மெனி யூ வான்ட்?"

புதிய ஓடர் கொடுக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டான். ஓடிப்போய் மிச்சமிருந்த இரண்டையும் துணியில் சுற்றிக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜோசெப்பின் முகத்தில் இரத்தம் வற்றியது. இது என்னவென்று தெரியுமா என்று கேட்டதற்குத் தர்மு "கொம்பிரசர்" என்றான். யார் சொன்னது என்று கேட்டார்கள். அவன் கண் ஒரு கணம் என்னிடம் வந்து திரும்பியது.

"நோபடி, சேர். மை ஓன் திங்கிங்."

அதிகாரி நம்பவில்லை. அவனுடைய மொழியில் கேள் என்று என்னிடம் சொன்னார். நான் கேட்டேன்: "ஆர் சொன்னதெண்டு கேக்கினம்."

"பயப்பிடாதேங்கோ மாஸ்டர். நான் உங்கட பேரைச் சொல்லமாட்டன்."

நான் அதிகாரியிடம் திரும்பி ஆங்கிலத்தில் சொன்னேன்: ஒருவரும் சொல்லவில்லை என்கிறார்.

இதைவிடக் கேவலமானது தர்முவுக்காக வாதாட வந்த சட்டத்தரணியின் அறையில் நடந்தது. மொழிபெயர்க்க நான்தான் போனேன், வேறு ஆளில்லை. இளம் சட்டத்தரணி, நல்ல பையன். யாராவது இது வேறு சாமான் என்று இவருக்குச் சொல்லியிருந்தால், அந்த மனிதர் நீதிமன்றத்தில் வந்து அதைச் சொன்னால், இந்த வழக்கை நாங்கள் வெல்லலாம் என்றான். அந்த ஒரு வசனத்தை நான் தமிழில் சொல்லவில்லை. நான் சாட்சிக் கூண்டில் ஏறினால் ஜோசெப்பின் கோப்பு வெளியே வரும், கீழ் மூலையில் என் முதலெழுத்துகள் இருக்கும்.

"என்னவாம் மாஸ்டர்?"

"ஒத்துக்கொண்டா லேசில முடியுமாம்."

"அப்ப ஒத்துக்கொள்ளுவம்," என்றான் தர்மு.

சிறை இல்லை. தண்டப்பணத்தோடு விட்டார்கள், ஆனால் குற்றத் தீர்ப்பு பதிவாகியது. அழுதுகொண்டே ஜோசெப் அவனை வேலையிலிருந்து நிறுத்தினார். செப்டெம்பரில் குடிவரவு அலுவலகக் கடிதம் வந்தது. வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை என்னிடம் கொண்டுவந்தான், வழக்கம்போல நான் வாசித்துச் சொன்னேன். அந்தக் குற்றத் தீர்ப்பைக் காரணம் காட்டிக் குடும்பத்தைக் கூப்பிடும் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. அவன் கடிதத்தை என்னிடமிருந்து வாங்கி நாலாக மடித்தான். பிறகு, "பிள்ளையள் என்ர முகத்தை மறக்க முதல் நான் போறன்," என்றான். விமான நிலையத்தில் அவனை வழியனுப்பியபோதும் எனக்குப் பொறாமைதான். இவன் மூன்று நாளில் பிள்ளைகளைத் தூக்குவான், இவனுக்காகக் காத்திருக்க ஒரு வாசல் இருக்கிறது என்று. அந்த வாசலை விட்டால் அவனுக்கு வேறு வழியில்லாமல் செய்தவனே நான் என்பது அந்த நிமிடத்தில் நினைவிலேயே இல்லை.

இரண்டு மாதம் கழித்து ஊரிலிருந்து அவனுடைய கடிதம் வந்தது. "மாஸ்டர், நீங்கள் தெரியாமல் சொன்னதை நினைத்துத் துக்கப்படாதேங்கோ. வரைபடம் பார்க்கிறது என்ர தொழில். நான்தான் பிடிச்சிருக்கவேணும்." தெரியாமல் என்ற அந்தச் சொல்லைத் திருத்தி ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அப்படி ஒரு கடிதம் எழுத முடிந்த அவன் மனதின் மேலும் பொறாமைப்பட்டேன். ஈராண்டுக்கு முன் அவன் காலமான செய்தி வந்தபிறகுதான் எழுதத் துணிவு வருகிறதென்றால், நான் அதற்காகத்தான் காத்திருந்தேன் என்று யாரும் சொல்லலாம், மறுக்கமாட்டேன். இதை வாசிக்கிறவர்களில் அவன் பிள்ளைகளும் இருக்கக்கூடும். பிள்ளைகளே, உங்கள் அப்பா ஏமாளியல்ல. என்னை நம்பினார்.

ஊரிலிருந்து தர்முவின் அந்தக் கடிதம் வந்த கிழமையில்தான் என் மகனின் பள்ளிக்கூடத்துக்கு முதல்முறை போனேன். வழக்கமாக மனைவிதான் கூட்டிப் போவாள். நடைவழிச் சுவரில் பிள்ளைகள் கோட் மாட்டும் கொளுக்கிகள், ஒவ்வொன்றுக்கும் மேலே பெயர் எழுதிய வண்ணக் காகிதம். என் மகனுடையதற்குப் பக்கத்தில் சுகந்தி, சுகந்தன் என்று இரண்டு பெயர்கள். தர்முவின் பிள்ளைகள். கோடைத் தொடக்கத்திலேயே அவன் தனியாக வந்து, மூன்று சொல் ஆங்கிலத்தில் பெயர்களைப் பதிந்துவிட்டுப் போயிருக்கிறான். எனக்குச் சொல்லவில்லை, அதற்கு வாசிக்கக் கடுதாசி எதுவும் இருக்கவில்லை. ஆசிரியை என்னைக் கண்டு சிரித்துக்கொண்டு வந்தாள். அவர்கள் உங்கள் உறவுக்காரரா என்று கேட்டாள். ஆம் என்றேன். எப்போது வருகிறார்கள், நாங்கள் இடம் வைத்திருக்கிறோம் என்றாள். விரைவில் என்றேன். அவள் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு வகுப்புக்குள் போனாள். மகன் தன் கோட்டைக் கழற்றி மாட்டினான். அதிலிருந்த பனி உருகித் தரையில் சொட்டியது. பக்கத்து இரண்டு கொளுக்கிகளின் கீழே தரை காய்ந்து கிடந்தது.