கறுப்பு மார்க்கர்

கனகேஸ்வரி ஜெயித்தவை: பிரிக்பீல்ட்ஸ் கம்ப்யூட்டர் கடையில், ஆண்கள் மட்டுமே உட்கார்ந்த ரிப்பேர் மேசையில் ஒரு நாற்காலி, கிள்ளான் விஜயனின் எட்டு மெஷின் வேலை, முதலாளி தம்புசாமியின் சட்டைப் பையிலிருந்து ஒரு கறுப்பு மார்க்கர். கடைசியாகச் சொன்னதுதான் பெரிது.

அந்தக் கடையில் ஒரு வழக்கம். மெஷினைத் திறந்து வேலை பார்த்து மூடியதும், பின்பக்கத் திருகாணிமேல் தபால்தலை அளவு வாரண்டி ஸ்டிக்கரை ஒட்டி, வேலை பார்த்தவர் மார்க்கரால் கையெழுத்துப் போடவேண்டும். இரண்டு வருடமாகக் கனகேஸ்வரி பார்த்த வேலைகளுக்கெல்லாம் கன்னையா கையெழுத்துப் போட்டார். அவள் குனிந்து முடுக்கிக்கொண்டிருப்பாள். அவர் எதிர்க்கடையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீயைக் குடித்துவிட்டு, மீசையைத் துடைத்தபடி வந்து கிறுக்குவார்.

"பொம்பளை பேரைப் பார்த்தா கஸ்டமர் பயந்துருவான் லா" என்பார் தம்புசாமி. கஸ்டமர் எதற்குப் பயந்தானோ தெரியாது. தம்புசாமி பயந்தது நன்றாகத் தெரிந்தது.

பக்கத்துத் தையல் கடையில் வேலை பார்த்த அக்கா புனிதவதிக்கு இது பொறுக்கவில்லை. ஆறாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் தான் தைத்த ரவிக்கையை இன்னொருத்தி தைத்ததாகச் சொல்ல அவள் ஒருநாளும் விட்டதில்லை.

ஒருநாள் மதியம் அவள் தங்கைக்குச் சோறு கொண்டுபோனபோது, கடையில் விஜயன் நின்றிருந்தார். கிள்ளானில் எட்டு மெஷின் வைத்து கேம் கடை நடத்துபவர். புதிதாக வந்த கார் ரேஸ் ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்று ஓடுகிறதாம். மாதிரிக்கு ஒரு மெஷினைக் காரில் போட்டுக் கொண்டுவந்து, முந்தின நாளே கொடுத்திருந்தார்.

"பிராசசர் பத்தல" என்றார் தம்புசாமி, மெஷினைத் தொடாமலே. "இது நூத்து முப்பத்து மூணு. இருநூறு போட்டா பறக்கும்." நம்பர் பெரிதானால் வேகம் பெரிதாகும் என்பதைத் தாண்டி அவருக்கு வேறொன்றும் தெரியாது. கன்னையா தலையாட்டினார். அவருக்கு அதுவும் தெரியாது.

"அண்ணே, முன்னாடி அந்தச் சிவப்பு விளக்கைப் பாருங்க" என்றாள் கனகேஸ்வரி, டெலிபோன் பக்கத்திலிருந்து. கஸ்டமர் வந்தால் அவள் ரிப்பேர் மேசையை விட்டு அங்கே போய்விட வேண்டும். "கார் நிக்கிறப்பல்லாம் எரியுது. மெமரியில இடமில்லாம ஹார்ட் டிஸ்க்குக்கு ஓடுது. மெமரிதான் கூட்டணும்."

"வந்துட்டாங்க பெரிய இஞ்சினியர்!" கன்னையா சிரித்தார். "நேத்தே நான் ஒரு மெமரி போட்டுப் பார்த்துட்டேன். ஒண்ணும் ஆகல."

"ஒண்ணா போட்டீங்க?"

"ஆமா, ஒண்ணுதான். அதுக்கென்ன?"

"இந்த போர்டு ரெண்டு ரெண்டாத்தான் எடுக்கும் அண்ணே. ஒத்தையா போட்டா கணக்குலயே சேர்க்காது. ஆன் பண்ணினதும் ஸ்கிரீன்ல பழைய மெமரி நம்பர்தானே வந்துச்சு? பார்க்கலையா?"

கன்னையா பார்க்கவில்லை. ஒற்றைக் காலில் செருப்பைப் போட்டுக்கொண்டு செருப்பு சரியில்லை என்று சொன்ன மனிதர், பத்து வருட அனுபவம் என்று மார்தட்டிக்கொண்டிருந்தார்.

தம்புசாமிக்கு முகம் சிவந்தது. "சரி, ரெண்டையும் போட்டுப் பார்ப்போம். நீ சொன்னது தப்புன்னா நாளையிலேருந்து வராதே. விளங்குதா?"

"நான் சொன்னது சரின்னா?" என்றாள் கனகேஸ்வரி. அவர் அலமாரியைத் திறக்கப் போய்விட்டார்.

முதலில் இருநூறு பிராசசர். விஜயன் ஓட்டினார். புனிதவதி தையல் சாக்குக்கட்டியை எடுத்து, கார் நின்ற ஒவ்வொரு தடவைக்கும் மேசை ஓரத்தில் ஒரு கோடு போட்டாள். மூன்று சுற்றுக்குப் பதினொன்று.

"நேர் ரோட்டுல கொஞ்சம் வேகம் இருக்கே" என்றார் தம்புசாமி.

"வளைவுல நின்னா வேகத்தை வச்சு என்ன பண்றது பாஸ்?" என்றார் விஜயன்.

பிறகு பழைய பிராசசரையே திரும்ப வைத்தார்கள். கனகேஸ்வரி காலியாக இருந்த இரண்டு குழியிலும் ஒரே அளவில் இரண்டு மெமரியைச் சொருகினாள். ஸ்கிரீனில் பதினாறு இருந்த இடத்தில் முப்பத்திரண்டு வந்தது. விஜயன் அதே மூன்று சுற்று ஓட்டினார். கன்னையா எட்டிப் பார்த்து, "கோடு போட மறந்துட்டியா?" என்று கேட்டார்.

"நின்னாத்தானே போடறதுக்கு" என்றாள் புனிதவதி. மேசையில் ஒரே ஒரு கோடு, அதுவும் ஆட்டம் தொடங்கும்போது விழுந்தது.

"எட்டுக்கும் இதையே போடுங்க" என்றார் விஜயன். கன்னையா பழக்கதோஷத்தில் மார்க்கருக்குக் கை நீட்டினார். விஜயன் தடுத்தார். "நீங்க இல்ல அண்ணே. அந்தத் தங்கச்சி போடட்டும். நாளைக்கு ஏதாவதுன்னா, விஷயம் தெரிஞ்சவங்களைத்தானே நான் கேட்கணும்?"

தம்புசாமி பல்லைப் பிடுங்கக் கொடுப்பதுபோல் மார்க்கரைப் பையிலிருந்து எடுத்தார். "சின்ன ஸ்டிக்கர். சுருக்கமா கிறுக்கு, போதும்."

கனகேஸ்வரி ரிப்பேர் மேசை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்; சுருக்கவில்லை. அப்பா முத்துக்குமாருவின் முதலெழுத்தையும் சேர்த்து முழுப்பெயர் எழுதினாள். கடைசி எழுத்து ஸ்டிக்கரைத் தாண்டித் தகரத்தில் ஏறியது. கீழே தேதி போட இடமில்லை. அதைப் புனிதவதி தன் அளவு நோட்டில், ஒரு ரவிக்கை அளவுக்குக் கீழே, குறித்துக்கொண்டாள்: 14 ஆகஸ்ட் 1997, வியாழக்கிழமை.